மைக்ரோவேவுக்கு ஏற்ற டப்பா கன்வெக்‌ஷனுக்கு ஏற்றதல்ல

'மைக்ரோவேவ் சேஃப்' என்று அச்சிட்ட பிளாஸ்டிக் டப்பாவை, சூடான காற்றால் சமைக்கும் கன்வெக்‌ஷன் முறையிலும் வைக்கலாம் என்று சிலர் சொல்வது தவறு. தயவுசெய்து யாரும் அதைப் பின்பற்ற வேண்டாம். மைக்ரோவேவ் அலைகள் பெரும்பாலும் உணவிலுள்ள நீரையே சூடாக்குவதால், எண்ணெயும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைத் தவிர மற்றவற்றில் டப்பாவின் சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். கன்வெக்‌ஷனிலோ 180 முதல் 220 டிகிரி வரை சூடான காற்று சுழல்கிறது, ஆனால் இத்தகைய டப்பாக்கள் பலவும் செய்யப்படும் பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் சுமார் 160 டிகிரியிலேயே உருகிவிடும். உலோகக் கேக் தட்டு கன்வெக்‌ஷனுக்கு நல்லது. எனினும் அலைகளும் சூடான காற்றும் சேர்ந்தியங்கும் காம்பினேஷன் முறையில் அது தீப்பொறியை எழுப்பக்கூடும் என்பதால், அடுப்பின் கையேடு வெளிப்படையாக அனுமதித்தால் ஒழிய அதையும் தவிர்க்க வேண்டும். அம்முறைக்கு, 'ஓவன் சேஃப்' என்று குறிக்கப்பட்ட, வெப்பம் தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடிப் பாத்திரமே என் தேர்வு. அதன் பிளாஸ்டிக் மூடியை மட்டும் மறவாமல் கழற்றிவிடுங்கள்.