'உன்னதங்களிலே' பாட இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது

நேற்று திருவருகைக்கால மூன்றாம் ஞாயிறு. கிறிஸ்மஸுக்கு முந்தைய நாலு ஞாயிறும் காத்திருக்கிற காலம் அது. ஞாயிற்றுக்கு ஒரு மெழுகுதிரியாக ஏற்றுகிற வளையத்தில், இந்த ஞாயிறுக்கான ரோஸ் நிற மெழுகுதிரி எங்கும் கிடைக்கவில்லை. கிருஷ்ணகிரியில் நாலு கடை ஏறி இறங்கிவிட்டு, கடைசியில் வெள்ளை மெழுகுதிரிக்கு ரோஸ் கலர் கிஃப்ட் பேப்பரைச் சுற்றி வைத்தோம். மறையுரை நடுவே பேப்பரின் நுனி பற்றிக்கொண்டது. பீடச்சிறுவன் ஒருவன் ஓடி வந்து ஊதினான், அணையவில்லை, கையால் தட்டி அணைத்தான். ஃபாதர் ஒரு நொடி நின்று, "மகிழ்ச்சி ஞாயிறு என்றால் இப்படித்தான் பிரகாசமாக இருக்கணும்" என்றார். கோயில் முழுக்கச் சிரிப்பு.

அந்தச் சிரிப்போடு வெளியே வந்தால், வாசலில் வேன். வேனில் சவுண்ட் பாக்ஸ், ஜெனரேட்டர், முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு டீ குடித்துக்கொண்டிருக்கும் கிறிஸ்மஸ் தாத்தா. வீடு வீடாகப் போய் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடும் கேரல்ஸ் குழு மூன்றாவது ரவுண்டுக்குக் கிளம்புகிறது. தேதி 2025 டிசம்பர் 14.

இதை எழுதினால் எங்கள் பங்கு இளைஞர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று தெரியும். அவர்களில் பாதிப் பேர் என்னிடம் மறைக்கல்வி படித்தவர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எனக்கு கேரல்ஸ் மேல் வெறுப்பு எதுவும் இல்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: நாம் திருவருகைக்காலத்தைத் தின்றுவிட்டோம். நவம்பர் கடைசியிலேயே வீட்டில் நட்சத்திரம் தொங்குகிறது. டிசம்பர் முதல் வாரத்திலேயே கேக் வெட்டுகிறோம். ஆபீஸ், பள்ளி, அன்பியம் (பக்கத்துப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகள் சேர்ந்த சிறு குழு), மாதர் சங்கம் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு 'கிறிஸ்மஸ் விழா'. 24ஆம் தேதி ராத்திரி குழந்தை இயேசுவைக் குடிலில் வைக்கும்போது நமக்கு கிறிஸ்மஸ் சலித்துப்போயிருக்கிறது. 26ஆம் தேதி நட்சத்திரத்தைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போடுகிறோம். வழிபாட்டு நாள்காட்டிப்படி கிறிஸ்மஸ் காலம் அப்போதுதான் தொடங்கியிருக்கும், ஆண்டவருடைய திருமுழுக்கு விழா வரை அது போகும்.

திருவருகைக்காலத்தை எங்கள் அத்தை இன்றைக்கும் 'ஆகமனம்' என்றுதான் சொல்வார். அந்தோனியார், சவேரியார் போல அவருக்கு அதுவும் ஒரு ஆள் மாதிரி. "ஆகமனம் வந்துடுச்சு, வீட்ட ஒட்டடை அடிக்கணும்" என்பார். புனித அந்திரேயா திருநாளான நவம்பர் 30க்கு எந்த ஞாயிறு பக்கமோ அதுதான் முதல் ஞாயிறு. இந்த ஆண்டு நவம்பர் 30 அன்றே ஞாயிறு. அன்றைக்குத் திருச்சபைக்குப் புதுவருடம் பிறக்கிறது, மூன்று ஆண்டுச் சுற்றில் வரும் வாசகங்கள் 'அ' ஆண்டுக்கு மாறுகின்றன, இனி ஆண்டு முழுக்கப் பெரும்பாலும் மத்தேயு. ஜனவரி 1க்கு நள்ளிரவு வரை விழித்திருந்து புதுவருடத்தை வரவேற்கிற நமக்கு, இந்தப் புதுவருடம் வந்ததே தெரிவதில்லை.

இந்தக் காலத்தின் அழகே, எதையெல்லாம் செய்யாமல் வைத்திருக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. ஊதா உடை, பீடத்தில் கொஞ்சமாகப் பூ. முக்கியமாக, ஞாயிறு பூசையில் 'உன்னதங்களிலே' கிடையாது. அது வானதூதர்கள் பெத்லகேமில் பாடிய பாட்டு. அதை நாலு வாரம் வாயை மூடி வைத்திருந்து, 24 ராத்திரி எடுக்க வேண்டும். நடுவில் 8ஆம் தேதி அமல உற்பவ அன்னை பெருவிழா வருவதால் அன்று பாடலாம். இரண்டாம் ஞாயிறு எங்கள் புதுக் கீபோர்டு தம்பி பழக்க தோஷத்தில் அதன் இசையை ஆரம்பித்துவிட்டான். உபதேசியார் பாதி கோயில் தூரத்திலிருந்து கையை ஆட்டிய ஆட்டம் இருக்கிறதே, பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி. சின்ன வயதில் எனக்கு இந்த விதியெல்லாம் தெரியாது. ஆனால் நள்ளிரவுப் பூசையில் அந்தப் பாட்டு எழும்போது எல்லா மணியும் சேர்ந்து அடிக்கும், எனக்குக் கை மயிர் சிலிர்க்கும். ஒரு மாதம் கேட்காத பாட்டு அல்லவா! இப்போது அந்தச் சிலிர்ப்பு பிள்ளைகளுக்கு வருவதில்லை. வேனில் மூன்று வாரமாகத் தினமும் அதற்கு மேல் சத்தமாகக் கேட்டாயிற்று.

அப்புறம் அந்தக் கவர் விஷயம். கேரல்ஸ் வருவதற்கு முன்பே வீட்டுக்கு ஒரு காணிக்கைக் கவர் வந்துவிடுகிறது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது பிறகு கோயிலில் வாசிக்கப்படுகிறது. எங்கள் அன்பியத்தில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார், முதியோர் உதவித்தொகையில் ஓடுகிற வாழ்க்கை. ஒரு வருடம் பக்கத்து வீட்டில் இருநூறு ரூபாய் கைமாற்று வாங்கி கவரில் போட்டிருக்கிறார், பெயர் வாசிக்கும்போது குறைவாக இருக்கக் கூடாது என்று. எனக்கு இது பிறகுதான் தெரியும். குகையில் பிறந்த பிள்ளையைக் கொண்டாட ஒரு கிழவியைக் கடன் வாங்க வைத்திருக்கிறோம். இதில் நானும் சேர்த்திதான், அந்தக் கவரை அவர் கையில் கொடுத்ததே நான்.

நான் பிறந்த ஊரில் கேரல்ஸைப் பஜனை என்போம். 23, 24 இரண்டு ராத்திரிதான். பெட்ரோமாக்ஸ் விளக்கு, ஒரு டோலக், இரண்டு ஜால்ரா. நம் பக்கத்து டிசம்பர் குளிர் தெரியுமே, காதைச் சுற்றித் துண்டு, மேலே கம்பளி. எங்கள் வீட்டுக்கு வரும்போது மணி இரண்டாகிவிடும். தூரத்தில் ஜால்ரா கேட்டதும் அம்மா எழுந்து அடுப்பு மூட்டி வரக்காப்பி வைப்பார். நாங்கள் போர்வைக்குள்ளிருந்து, "இன்னும் எத்தனை வீடு தள்ளி இருக்காங்க" என்று எண்ணிக்கொண்டிருப்போம். பாட்டு சுமாராகத்தான் இருக்கும், சுருதியெல்லாம் கேட்கக் கூடாது. ஆனால் காத்திருந்தோம்.

எனக்கு நினைவு தெரிந்து எங்கள் பங்கு உண்மையாகத் திருவருகைக்காலம் கொண்டாடியது போன வருடம்தான். அது யாரும் திட்டமிட்டதில்லை.

2024 டிசம்பர் 1, முதல் ஞாயிறு. ஃபெஞ்சல் புயல் கரை கடந்துவிட்டது, இனி நமக்கென்ன என்றிருந்தோம். காலைப் பூசையில் லூக்கா 21ஆம் அதிகாரம் வாசித்தார்கள்: கடலும் அலையும் முழங்கும், உலகுக்கு என்ன வருமோ என்ற அச்சத்தில் மனிதர்கள் மயங்கி விழுவார்கள். கடல் எங்கே, நம் ஊர் எங்கே என்று நான் கொட்டாவி விட்டேன். அன்று இரவு பெய்தது மழையே இல்லை, வேறு ஏதோ. மறுநாள் காலை வரை ஒரே நாளில் ஊத்தங்கரையில் 503 மில்லிமீட்டர். ஏரித் தண்ணீர் சாலையில் இறங்கி, நிறுத்தி வைத்திருந்த வேன்களையும் கார்களையும் அட்டைப்பெட்டி மாதிரி உருட்டிக்கொண்டு போனதை நீங்களும் டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பக்கம் அரூரும் தப்பவில்லை.

எங்கள் அன்பியத்தில் ஐந்து வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அறுத்துக் கட்டி வைத்திருந்த கேழ்வரகுக் கதிர் நனைந்து அப்படியே முளைவிட்டுப்போனது. அந்த வருடம் கேரல்ஸ் வேன் இல்லை. தாத்தா இல்லை. நட்சத்திரத்துக்கு வைத்திருந்த பணம் பாய், போர்வை, பாத்திரமாகப் போனது. மூன்று வாரம் தினமும் சாயங்காலம் பையன்கள் மண்வெட்டியோடு வீடு வீடாகப் போனார்கள், நம்மவர் வீடு, மற்றவர் வீடு என்று பார்க்கவில்லை. சேறு அள்ளி முடித்துத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு செபம் சொல்வார்கள், சில வீட்டில் ஒரு பாட்டு, சவுண்ட் பாக்ஸ் இல்லாமல். 24ஆம் தேதி இரவு 'உன்னதங்களிலே' எடுத்தபோது பின்வரிசையில் ஒரு பையன் அழுதுகொண்டிருந்தான். மூன்று வாரமாக மண்வெட்டி பிடித்தவன்.

இந்த வருடம் முதல் ஞாயிறு நற்செய்தி நோவா காலத்து வெள்ளம். உண்டும் குடித்தும் பெண் கொண்டும் கொடுத்தும் இருந்தார்கள், வெள்ளம் வந்து அடித்துச் செல்லும்வரை எதையும் உணரவில்லை என்ற வரி வந்ததும், அந்த ஐந்து வீட்டுக்காரர்களைத் திரும்பிப் பார்த்தேன். அவர்கள் யாரும் கொட்டாவி விடவில்லை. அதே வாரத்தில் வேன் கிளம்பிவிட்டது என்பதுதான் என் வருத்தம்.

'இதெல்லாம் பழைய காலத்து ஆள் புலம்பல்' என்று ஒரு தம்பி கமெண்டில் போடுவான். சரி, நானே சொல்லிவிடுகிறேன்: நான் இவ்வளவு பேசுகிற அந்த மெழுகுதிரி வளையம்கூட நம் பழைய வழக்கம் கிடையாது, கத்தோலிக்க வழக்கமாகக்கூடத் தொடங்கவில்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் யோஹான் ஹின்ரிச் விஹெர்ன் என்ற லூத்தரன் போதகர், ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் நடத்தினார். கிறிஸ்மஸ் எப்போது, எப்போது என்று பிள்ளைகள் நச்சரிக்க, 1839இல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து அதில் மெழுகுதிரிகளை நட்டார். ஞாயிற்றுக்குப் பெரியது, மற்ற நாளுக்குச் சின்னது, தினம் ஒன்று ஏற்றுவது. பிள்ளைகள் எண்ணிக்கொண்டே காத்திருந்தார்கள். இந்தச் சக்கரக் கதையைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு ஆசை. எங்கள் மாமனார் வீட்டு மாட்டுக்கொட்டகையில் ஒரு மாட்டுவண்டிச் சக்கரம் சும்மா சாய்ந்து கிடக்கிறது. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் இலை வளையத்துக்குப் பதிலாக அதை உருட்டி வந்து பீடத்துக்குக் கீழே போட்டால் என்ன? பங்குப் பேரவையில் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார்கள். அந்தப் 'பார்க்கலாம்' எந்த வகை என்று உங்களுக்கே தெரியும்.

கேரல்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை, 17ஆம் தேதிக்குப் பிறகு வையுங்கள் என்கிறேன். திருச்சபையே அன்றிலிருந்துதான் வேகம் எடுக்கிறது. 17 முதல் 24 வரை ஒவ்வொரு நாளும் பூசைக்குத் தனி மன்றாட்டும் தனி வாசகமும் உண்டு. அதுவரை மீட்பர் மீண்டும் வருவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வழிபாடு, அதற்குப் பிறகு பெத்லகேம் பக்கம் திரும்புகிறது. எட்டு நாள் போதாதா? எலத்தகிரி, கோவிலூர் மாதிரி நம்மவர்களே நிறைந்த ஊர் என்றால் கொஞ்சம் கஷ்டம்தான். எங்கள் தெருவில் ஆறு வீடு. ஒரு சாயங்காலம் போதும்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு இது நன்றாகப் புரிகிறது. இந்த மாதம் 3ஆம் தேதி கார்த்திகை தீபம், எங்களுக்குச் சவேரியார் திருநாள். அவர்கள் வாசலில் அகல் வைத்தார்கள், நாங்கள் பூசை முடிந்து வரும்போது தெருவே விளக்காக இருந்தது. நாளை மார்கழி பிறக்கிறது. விடியற்காலையில் பெருமாள் கோயில் ஒலிபெருக்கி ஆரம்பித்துவிடும், அவர் நாலரைக்கே கோலமாவோடு வாசலில் இருப்பார். என் தங்கை மகளுக்கு நிச்சயம் ஆன செய்தி சொன்னபோது, "கல்யாணம் எப்போ" என்றார். "ஜனவரியில்தான், இப்போ கோயிலில் வைப்பதில்லை" என்றேன். "உங்களுக்கும் மார்கழியா?" என்று ஆச்சரியப்பட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் இந்தக் காலத்தில் திருமணத்தின் சிறப்பு ஆசீரையே தடுத்து வைத்திருந்தது. 1983இல் வந்த சட்டத்தில் அந்தத் தடை இல்லை, ஆனால் நம் குடும்பங்களில் வழக்கம் நிற்கிறது. மார்கழி முழுவதும் காத்திருந்து தையில் பொங்கல் வைக்கிற ஊரில் இருந்துகொண்டு, நம்மால் பத்து நாள் பொறுக்க முடியவில்லை என்றால் எப்படி?

இன்று காலை அத்தை ஒரு படி கேழ்வரகை எடுத்து ஊறப்போட்டார். குடிலுக்குப் புல். இதில் அவர் கணக்கு கறாரானது. இன்று ஊறவைத்து, நாளை ஈரத்துணியில் மூட்டை கட்டி, மறுநாள் முளை எட்டிப்பார்த்ததும் பழைய எவர்சில்வர் தட்டுகளில் மண்ணும் சாணி எருவும் கலந்து பரப்பித் தூவ வேண்டும். மேலே வைக்கோல் மூடி, கையால் தெளிப்பதோடு சரி, சொம்பால் ஊற்றினால் விதை ஒரு ஓரமாக ஒதுங்கிவிடும். 24ஆம் தேதிக்கு இரண்டு விரல்கடை உயரம், பாலகன் படுக்கப் பதமான பச்சை. ஒரு வருடம் நான் அவசரப்பட்டு முதல் வாரமே விதைத்துவிட்டேன். கிறிஸ்மஸுக்குள் ஒரு சாண் வளர்ந்து, மஞ்சளாகி, ஆட்டுப் பொம்மைகள் மேலேயே சாய்ந்து கிடந்தது. அத்தை திட்டவில்லை. அந்த வருடம் குடிலில் அவர் வைக்கோல் பரப்பினார்.

இதை எழுதி முடிக்கும்போது கேரல்ஸ் தம்பி போன் செய்தான். "டீச்சர், உங்க தெருவுக்கு நாளைக்கு வரலாமா?" 21ஆம் தேதிக்கு வா என்றேன், வேனைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு நடந்து வா, கவர் கிடையாது, வரக்காப்பியும் கச்சாயமும் உண்டு. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "எத்தனை பேருக்கு டீச்சர் காப்பி?" என்றான்.