கவுனைப் பார்க்காதீங்க மேடம்!

'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலோட ஒரு அட்டைப்படத்துக்குக் கீழ, "கவுன் தப்பு"ன்னு நான் போட்ட ஒத்த வரிக் கமெண்டுக்கு இவ்ளோ நக்கலா? "கதையைப் படிங்க, கவுனைப் பார்க்காதீங்க மேடம்"னு ஒரு தம்பி. அதுக்கு வரிசையா சிரிப்பு ஸ்மைலி. நல்லா இருங்க.

கதையைப் படிச்சதாலதாம்பா கவுனைப் பார்க்கிறேன். ஜேன் ஆஸ்டினோட இந்த நாவல் வந்தது 1813ல. மார்புக்குக் கீழயே இடுப்புப் பட்டி, அங்கிருந்து நேரா விழுற மெல்லிய மஸ்லின். அதுதான் அந்தக் காலத்து உடுப்பு. அட்டையில கதாநாயகி எலிசபெத்துக்கு மாட்டிவிட்டிருக்கிறது கம்பிவளையம் வெச்ச கூடைப் பாவாடை. அது 1850கள் சமாச்சாரம். அக்காவுக்கு உடம்பு முடியலன்னு மூணு மைல் நடந்து, வேலிப்படி தாண்டி, உள்பாவாடையில ஆறு அங்குலம் சேறோட போய் நிக்கிறவ அவ. பிங்லி வீட்டுப் பொம்பளைங்க அந்தச் சேத்தைப் பார்த்து இளக்காரம் பண்ணுவாங்க. கதாநாயகன் டார்சி, நடந்து வந்ததுல பளபளக்கிற அவ கண்ணைப் பார்ப்பான். காதலே அந்தச் சேத்துலதான் சூடு பிடிக்குது. கூடையைக் கட்டிக்கிட்டு எப்படித் தாண்டுவா?

"இந்த நாவலோட 1833 பதிப்புலயே உப்பின கை வெச்சு அந்த வருஷத்து ஃபேஷன்லதானே வரைஞ்சாங்க"ம்பீங்க. ஆமா. அதனால? அவங்க கையில கூகுள் இல்ல. ஆனா கூகுள் இல்லாமலே, பிற்பாடு இதே நாவலுக்குப் படம் போட்ட ப்ராக் சகோதரர்கள் கேம்பிரிட்ஜ் ஸ்டூடியோவுல பழைய உடுப்பு, நாற்காலியெல்லாம் சேர்த்து வெச்சு, பார்த்துப் பார்த்து வரைஞ்சாங்க. எங்க காலேஜ் லைப்ரரியில அட்டை கிழிஞ்ச ப்ராக் பிரதி ஒண்ணு இருந்துச்சு. என் இங்கிலீஷுக்கு, யார் யாரை முறைக்கிறாங்கன்னு படத்தைப் பார்த்துத்தான் புரிஞ்சுது. அதுல எலிசபெத்துக்கும் டார்சிக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளி! விரல் படணும்னாக்கூட ஒரு நடனம் வேணும், அதுவும் கையுறையோட. நம்ம அட்டையில? கட்டிப்பிடிச்சு நிக்கிறாங்க. அப்புறம் 400 பக்கம் எதுக்கு?

"பொம்பளைங்க டிரஸ்ஸைத்தான் பார்ப்பாங்க"ன்னு ஒருத்தர். ஐயா, பீரியட் படத்துல கார் மாடல் தப்புன்னு நீங்க நாள் கணக்கா சண்டை போட்டா அது ஆராய்ச்சி. நான் கவுனைச் சொன்னா வெட்டிவேலை.

"வெறும் படம்தானே, விடுங்க"ம்பீங்க. அந்த "படம்தானே"ங்கிற சொல் எனக்குப் புதுசும் இல்ல. ஒரு பத்திரிகைக்கு ராத்திரி முழிச்சு வரைஞ்சு கொடுத்தேன். காசு கேட்டா, "படம்தானே, பேர் போட்டிருக்கோமே"ன்னாங்க. அந்தப் பேரையும் தப்பாத்தான் போட்டிருந்தாங்க.