டேவிட் ராஸ்: .229-க்குப் பின்னால்

பேஸ்பாலில் மாற்று கேட்சர்களைப் பற்றிய உங்கள் கட்டுரை (பிட்சர் வீசும் பந்தைப் பிடிப்பவர்தான் கேட்சர்), பேட்டிங் சராசரியை வைத்தே அவர்களை எடைபோட்டிருக்கிறது. அதில் எனக்கு வருத்தம்தான். டேவிட் ராஸை எடுத்துக்கொள்ளுங்கள். 15 சீசன், ஏழு அணிகள், சராசரி வெறும் .229, அதாவது நூறு முறை அடிக்க முயன்றால் சுமார் 23 முறைதான் வெற்றி. ஆனால் கேட்சரின் வேலையில் பாதி மட்டையைத் தொடாமலே நடக்கிறது. ஜான் லெஸ்டர் அருமையான பிட்சர், ஆனால் முதல் பேஸில் நிற்கும் எதிரணி வீரரை அடக்க அங்கே பந்தை எறிவது அவருக்குப் பெரிய சிக்கல். பந்து வீசப்படும்போதே அடுத்த பேஸைத் திருட ஓடுகிறவனை அடக்கும் பொறுப்பு ராஸின் கையில்தான் இருந்தது. அதனால்தான் பாஸ்டனிலிருந்து சிகாகோ கப்ஸ் வரை அந்த ஜோடி நீடித்தது.

2016 உலகத் தொடரின் (அமெரிக்க பேஸ்பால் பட்டத்துக்கான இறுதித் தொடர்) ஏழாவது, கடைசி ஆட்டம், கிளீவ்லாந்தில். ஐந்தாவது இன்னிங்ஸில் லெஸ்டரோடு ராஸும் உள்ளே வந்தார். வந்ததும் ஒரு தவறான எறிதல். அப்புறம் லெஸ்டர் வீசிய பந்து தரையில் பட்டு ராஸின் முகக்கவசத்தில் மோதித் தெறிக்க, எதிரணிக்கு இரண்டு ரன் போனது. வேறொருவராக இருந்தால் மனம் உடைந்திருக்கும். அடுத்த இன்னிங்ஸிலேயே எதிரணி பிட்சர் ஆண்ட்ரூ மில்லரின் பந்தை வேலிக்கு வெளியே ஹோம் ரன் அடித்தார், 39 வயதில்! அந்த ஆட்டத்தை கப்ஸ் ஒரே ஒரு ரன்னில், பத்தாவது இன்னிங்ஸில்தான் வென்றது. பட்டத்துக்கான கப்ஸின் 108 வருடக் காத்திருப்பு அன்று முடிந்தது.

அந்த சீசனோடு ஓய்வு என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். சக வீரர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். தினமும் ஆடுகிற நட்சத்திரத்தை அல்ல, பெஞ்சில் இருந்து வந்தவரை. அந்தக் காட்சியைப் பற்றி கட்டுரையில் ஒரு வரியாவது சேருங்கள்.