ஆவுளியாவுக்குக் கடல்கன்னி வேஷம் போடாதீர்கள்

'கடல்கன்னி கரை ஒதுங்கியது' என்று சுற்றுகிற அந்த வீடியோவை நேற்றிலிருந்து எனக்கு மட்டும் பதினோரு பேர் அனுப்பிவிட்டார்கள். "உங்க ஊர்க் கடல்கன்னி" என்று கேலி வேறு. கரை ஒதுங்கிக் கிடந்தது ஆவுளியா ஐயா, ஆவுளியா! கடற்பசுவைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். வயிறு ஊதிச் செத்துப்போன குட்டி. அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பேய்ப்பட இசை, கடைசியில் "மீனவ மக்களின் மூடநம்பிக்கை" என்று தீர்ப்பு. நல்லா இருங்க தம்பி.

எங்கள் ஆட்கள் யாரும் அதைக் கன்னி என்று சொல்லவில்லை. ஆவுளியா என்றுதான் சொன்னார்கள். கடற்பசு வகைக்கே 'சைரீனியா' என்று, மாலுமிகளைப் பாடி மயக்கிய கிரேக்கக் கதைப் பெண்களின் பெயரை வைத்தது எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்க்காரனா?

எங்களிடம் கதை இல்லை என்று சொல்ல வரவில்லை. வலையில் குட்டி மாட்டினால் தாய் அந்த இடத்தை விட்டுப் போகாது, சுற்றிச் சுற்றி வரும் என்பார் தாத்தா. மேலே தூக்கினால் கண்ணீர் விடுமாம். அதைக் கேட்ட இரவுகளில் எனக்குத் தூக்கமே வராது. பிற்பாடு படித்தேன்: அது பாலூட்டி, ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டிதான், காம்பு துடுப்புக்கு அடியில் அக்குளில். தண்ணீரை விட்டு எடுத்தால் கண்ணில் பிசுபிசுவென்று வடியும். பள்ளிக்கூடம் போகாத தாத்தா எதில் பொய் சொன்னார்?

"தின்றவர்கள்தானே நீங்கள்" என்று ஒருவர் வருவார். ஆமாம், தின்றோம். அது அழுத கதையைச் சொன்ன அதே வாயால் கறியின் ருசியையும் தாத்தா சொல்லியிருக்கிறார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் அது குற்றம். இன்றைக்கு உயிரோடு சிக்கினால் வலையை அறுத்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள். வலைக்கு என்ன விலை தெரியுமா? அதை வீடியோ எடுக்க யாரும் வருவதில்லை.

"அப்போ கடலில் முனி நடப்பதும் அறிவியலா?" அது வேறு பேச்சு. விடுங்கள்.

ஆவுளியா மேயும் கடற்புல்லை அடியோடு வாரிக்கொண்டு போகிறதே இழுவை மடி, கடலடியை உரசி இழுக்கிற அந்த வலை, அதைப் பேசுங்களேன். தெரியும், மடி இழுப்பவர்களில் என் சொந்தக்காரர்களும் உண்டு. 2022-இல் 448 சதுர கிலோமீட்டருக்குக் கடற்பசுக் காப்பகம் அறிவித்தார்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில். எங்கள் மாவட்டத்துக்கு இந்த மூடநம்பிக்கைப் பட்டம் மட்டும் போதும் போல.

தாத்தா இப்போது இல்லை. அந்த வீடியோவை அவர் பார்த்திருந்தால், "குட்டி கிடக்கே, தாயி எங்கடா?" என்றுதான் முதலில் கேட்டிருப்பார்.