"அண்ணா, டாக்டர் நம்பர் குடுங்க"

வாரத்துக்கு இரண்டு மூன்று தம்பிகளாவது இன்பாக்ஸில் வந்துவிடுகிறார்கள். வணக்கம்கூட இருக்காது. "அண்ணா, டாப் சர்ஜரி பண்ணணும், டாக்டர் நம்பர் குடுங்க." பிறந்தபோது பெண் என்று குறிக்கப்பட்ட, திருநம்பிகளான நாம் மார்பை எடுத்து ஆண் நெஞ்சாக்கிக்கொள்ளும் ஆபரேஷன் அது. அந்த அவசரம் எனக்குப் புரியாததல்ல. மே மாத வெயிலில், மார்பை அமுக்கிக் கட்டும் பைண்டருக்கு மேல் பனியன், பனியனுக்கு மேல் சட்டை என்று டவுன் பஸ்ஸில் நின்று போனவன்தான் நானும். பைண்டர் வாங்கக் காசில்லாத நாட்களில் கிரேப் பேண்டேஜ் சுற்றியிருக்கிறேன். (யாரும் சுற்றாதீர்கள். மூச்சு விடவிட அது இறுகிக்கொண்டே போகும், விலா எலும்புக்கே ஆபத்து.) எப்படியாவது இது போனால் போதும் என்றுதான் தோன்றும். அந்த "எப்படியாவது"தான் நம்மைத் தப்பான டாக்டரிடம் கொண்டுபோய் விடுகிறது.

நான் நான்கு பேரைப் பார்த்தேன்.

முதலாமவர் பிளாஸ்டிக் சர்ஜன்தான். "ஆம்பளைங்களுக்கு வர்ற கைனகோமாஸ்டியா முந்நூறு கேஸ் பண்ணியிருக்கேன், உங்களோடதும் அதேதான்" என்றார். அதே இல்லை. கைனகோமாஸ்டியா என்பது ஆண்களுக்கு மார்பு பெருத்துப்போவது; அதில் பெரும்பாலும் கொழுப்பை உறிஞ்சிவிட்டு, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் சின்னதாகக் கீறிச் சுரப்பியை எடுத்தால், தோல் தானாகச் சுருங்கிக்கொள்ளும். சின்ன மார்பும் இறுக்கமான தோலும் உள்ள திருநம்பிக்கு அந்த வழி சரிப்படும்; கீஹோல் என்பதும் பெரிஏரியோலார் என்பதும் அந்த வகைதான். எனக்கு இருந்தது பெரிய மார்பு, தோலும் தொங்கிப்போயிருந்தது. உள்ளே இருப்பதை மட்டும் எடுத்தால் காற்றிறங்கின பலூன் மாதிரி கிடக்கும். என் போன்றவர்களுக்கு டபுள் இன்சிஷன். இரண்டு பக்கமும் மார்புக்குக் கீழே நீளமாகக் கீறி, மிச்சத் தோலை வெட்டி எடுத்து, காம்பைத் தனியாகக் கழற்றிச் சிறிதாக்கி, ஆண் நெஞ்சில் எங்கே இருக்குமோ அங்கே கிராஃப்டாக ஒட்டுவார்கள். தழும்பு நன்றாகவே தெரியும். தழும்பே வராது என்று ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் ஆசை வராது? அவர் அந்த ஆசையைப் பார்த்து வியாபாரம் பேசினார்.

இரண்டாமவர் புற்றுநோய் அறுவை செய்பவர். கை தேர்ந்தவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் படித்தது திசுவை மிச்சம் வைக்காமல் எடுக்க. நமக்கு வேண்டியது நெஞ்சுக்கு வடிவம். குழி விழாமல் இருக்கக் கொஞ்சம் திசுவை விட்டுத்தான் எடுக்க வேண்டும். அதனால்தான் ஆபரேஷனுக்குப் பிறகும் கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா என்று நாம் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்று இருந்திருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். காம்பைப் பற்றிக் கேட்டேன். "அது எதுக்கு உங்களுக்கு?" என்றார். காம்பே வேண்டாம் என்று முடிவெடுத்த நண்பர்கள் எனக்கு உண்டு. முடிவெடுத்தது அவர்கள்.

மூன்றாமவர் "சொல்லும்மா" என்று ஆரம்பித்தார். மூன்று வருடம் டி (டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன்) எடுத்து, தாடியோடு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். அப்பா கையெழுத்து வேண்டும் என்றார்கள். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. பதினெட்டு முடிந்தவருக்குத் தன் சம்மதமே போதும். எழுந்து வந்துவிட்டேன்.

நான்காமவர் கண்ணாடி முன் நிற்க வைத்துப் பேனாவால் கோடு போட்டே காட்டினார். சிகரெட் உண்டா என்று கேட்டார். உண்டு. முன்னால் நான்கு வாரம், பின்னால் நான்கு வாரம் தொடக்கூடாது, நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும், ஒட்டின காம்புக்கு ரத்தம் போகாவிட்டால் செத்துவிடும் என்றார். இந்த ஆபரேஷன் எனக்குச் சரிதான் என்று நிபுணர் ஒருவர் பார்த்துத் தரும் லெட்டர் ஒன்று போதும் என்றார். திருநர் மருத்துவத்துக்கான உலக அமைப்பான டபிள்யூபாத் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டியின் எட்டாம் பதிப்பும் அதையேதான் சொல்கிறது. டாப் சர்ஜரிக்கு முன்னால் கட்டாயம் டி எடுத்திருக்க வேண்டும் என்றும் அதில் இல்லை. "கோணலா வந்துட்டா என்ன பண்ணுவீங்க, அதுக்குத் தனியா காசா?" என்று கேட்டேன். முகம் சுளிக்கவில்லை. "ஒரு வருஷம் ஆறட்டும், அப்புறம் திருத்தலாம். என் ஃபீஸ் வேண்டாம், தியேட்டர் செலவு உங்களுது." அன்றே தேதி வாங்கிவிட்டேன்.

சரி, இவ்வளவு கேட்டுக்கொண்டு வந்தவன் அப்புறம் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. இரண்டாம் வாரம், கட்டுப் பிரித்த சந்தோஷத்தில் ஒரு சிகரெட். மறுநாள் இன்னொன்று. இடது காம்பில் பாதி கறுத்து, பொருக்குத் தட்டி உதிர்ந்தது. ஆறின இடம் வெளுத்துப்போயிற்று. நம் நிறத்துக்கு அது பளிச்சென்று தெரியும். ஆறாம் மாதம் கடற்கரையில் சட்டையில்லாமல் ஒரு போட்டோ எடுத்துப் போட்டேன், இடது பக்கம் தெரியாதபடி திரும்பி நின்று. எண்ணூறு லைக்.

அதைப் பார்த்துவிட்டு ஒரு தம்பி அதே டாக்டரிடம் போனான். அவனுக்குத் தழும்பு தடித்து, காயத்தையும் தாண்டி வளரும் கெலாய்ட் ஆகிவிட்டது. முன்பே காது குத்தின இடத்தில் அவனுக்குக் கெலாய்ட் வந்திருக்கிறது. அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. தழும்பு பற்றி என் பதிவில் ஒரு வரிகூட இல்லை. "உங்களுக்கு மட்டும் எப்படிண்ணா இவ்வளவு நீட்டா வந்துச்சு?" என்று கேட்டான். அன்று ராத்திரி முழு நெஞ்சையும் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம், "ஏண்ணா இதைப் போடல?"

ஏன் போடவில்லை? பாதி வெட்கம். மீதி பயம். "கடவுள் குடுத்ததை வெட்டினா இப்படித்தான்" என்று சொல்லக் காத்திருக்கும் கூட்டத்துக்கு நாமே ஆதாரம் கொடுப்பானேன் என்ற பயம். நமக்கு ஆபரேஷன் செய்கிற டாக்டர்களே கொஞ்சம் பேர்தான், அவர்களைப் பற்றி ஏதாவது எழுதி அந்தக் கதவும் மூடிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். ஆனால் பாதிக் காம்பு போனது வேறு, ஆபரேஷன் செய்துகொண்டதற்கு வருந்துவது வேறு. பைபாஸ் செய்தவருக்கு, அதற்காக ரத்தக் குழாய் எடுத்த காலில் தையல் சீழ் பிடித்தால், இதயத்தை ஏன் தொட்டாய் என்று யாரும் கேட்பதில்லையே.

நல்லதாக வந்ததை மட்டும் காட்டிக் காட்டி நாம்தான் தம்பிகளைக் கண்ணைக் கட்டி அனுப்புகிறோம் என்று நினைக்கிறேன். டாக்டர்களும் அதையேதான் செய்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு அது விளம்பரம். ஆறு வாரத்துப் போட்டோவைக் காட்டினால் நம்பாதீர்கள். தழும்பு தடிப்பதும் நிறம் மாறுவதும் அதற்குப் பிறகுதான் தெரியும். ஒரு வருடம் ஆனவரின் போட்டோவைக் கேளுங்கள், உங்கள் அளவு மார்பு இருந்தவருடையது, நம் தோல் நிறத்தவருடையது. அமெரிக்காக்காரன் நெஞ்சைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கறுத்த தோலில் தழும்பு தடிக்கும் வாய்ப்பு அதிகம். அவர் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவர்தானா என்றும் பாருங்கள். "காஸ்மெட்டிக்" என்று போர்டு வைக்க இங்கே யாராலும் முடிகிறது.

இலவசமாக முடியுமா என்று கேட்பவர்களுக்கு: சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் திருநர்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. காத்திருக்க முடிந்தவர்கள் முதலில் அங்கே போய்ப் பாருங்கள். 2019 திருநர் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் அறுவை சிகிச்சையும் ஹார்மோனும் காப்பீடும் அரசின் பொறுப்பு என்று எழுதியிருக்கிறார்கள். ஆயுஷ்மான் பாரத் டி.ஜி. பிளஸ் என்று திருநர்களுக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய்க் காப்பீட்டுக்கு 2022-இல் ஒப்பந்தமும் போட்டார்கள். நான் கட்டின ஒரு லட்சத்து எழுபதாயிரத்தில் பாதி வட்டிக்கு வாங்கியது.

இன்னொன்று, யாரும் கேட்காத கேள்வி. ஆபரேஷன் முடிந்து எங்கே படுப்பீர்கள்? காயத்து ரத்தமும் நீரும் வடிய வைக்கும் ட்ரெயின் குழாய் ஒரு வாரம் போலத் தொங்கும். நாலு முதல் ஆறு வாரம் கனம் தூக்கக்கூடாது, கையைத் தோளுக்கு மேல் உயர்த்தக்கூடாது. டீ-ஷர்ட் போட முடியாது, பட்டன் சட்டைதான். ஆதாரில் பழைய பெண் பெயரும் முகத்தில் தாடியுமாகப் போனால் லாட்ஜில் ரூம் தரமாட்டார்கள். என்னைக் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொண்டது ஒரு திருநங்கை அம்மா. தினம் இரண்டு வேளை ட்ரெயினை ஊற்றி, எத்தனை மில்லி என்று பால் கணக்கு நோட்டிலேயே எழுதி வைத்தார். ஒரு நாளுக்கு முப்பது மில்லிக்குக் கீழே இறங்கின அன்றுதான் குழாயை எடுத்தார்கள். பாலுக்கும் ரத்தத்துக்கும் ஒரே நோட்டு. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

கடற்கரைப் போட்டோவை இன்று எடுத்துவிட்டேன். கமெண்டில் முழு நெஞ்சு இருக்கிறது, இரண்டு பக்கமும். நம்பர் வேண்டும் என்பவர்கள் இன்பாக்ஸில் உங்கள் ஊர், சிகரெட் உண்டா, காது குத்தின இடம் எப்படி ஆறியது, ஆபரேஷன் முடிந்து யார் வீட்டில் இருப்பீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். இந்த மாதம் நைட் ஷிப்ட், பதில் காலையில்தான் வரும்.