கைராசி மட்டும் இல்லை
"அவர் ஓய்வு பெறுவதோடு அந்தக் கைராசியும் போய்விடும்" என்று, ஓய்வு பெறும் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரைப் பற்றிய இந்தக் கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் வீட்டைக் காப்பாற்றியது வேறொரு நிபுணர் காலை வெட்டாமல் விட்டதுதான். அப்பாவுக்கு நீரிழிவு, கால் மரத்துப்போய் வயலில் முள் குத்தியதே தெரியவில்லை. பெருவிரல் கறுத்த பிறகு காட்டிய இடத்தில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்கள். கொக்கட்டிச்சோலையிலிருந்து மண்முனையில் வாவியைக் கடக்கும் பாதைப் படகில் ஏற்றி (பாலம் 2014இல்தானே வந்தது) மட்டக்களப்புக்குக் கொண்டுபோனோம். அங்கே பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் முதலில் பாதத்தின் மேல்பக்கம் விரல் வைத்து நாடி பார்த்தார். அப்புறம் பக்கத்தில் நின்ற நாலு மாணவர்களையும் பார்க்கச் சொன்னார். ஒரு பிள்ளைக்கு அகப்படவில்லை. அவளுடைய விரலைச் சரியான இடத்தில் வைத்து, "அழுத்தாதீங்க மகள், அழுத்தினா நாடி நின்டுரும்" என்றார். இரத்த ஓட்டம் இருந்ததால் விரலை மட்டும்தான் எடுத்தார்கள். அப்பா அதற்குப் பிறகும் எட்டுப் போகம் வேளாண்மை செய்தார். அந்த நிபுணர் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டார். ஆனால் போன வருடம் மாமியின் காலைப் பார்க்க வந்த இளம் டொக்டரும் அதே இடத்தில்தான், அழுத்தாமல், விரல் வைத்தார். மேலே கருத்து எழுதிய ஒருவர், கட்டுரையில் வரும் நிபுணர் "இனி தனியாரில் உழைப்பார்" என்று நக்கலடித்திருக்கிறார். சரி, உழைக்கட்டுமே. என் கவலை வேறு: 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இத்தனை வைத்தியர்கள் வெளிநாடு போய்விட்டார்கள், அன்றைக்குக் கட்டிலைச் சுற்றி நின்ற அந்த நாலு பேரில் எத்தனை பேர் இன்னும் இங்கே இருக்கிறார்கள்?