புரோக்கரை மட்டும் திட்டினால் போதுமா?

சேலத்தில் மனை விலை ஏறுவதற்கு புரோக்கர்கள்தான் காரணம் என்று உங்க கட்டுரையில் ஒரே போடாகப் போட்டுவிட்டீங்க. அழகாபுரம், கன்னங்குறிச்சி பக்கம் அதே தொழில் செய்பவன் நான். கமிஷன் வாங்குகிறோம், இல்லைன்னு சொல்லலை.

பத்திரச் செலவையும் எழுதியிருக்கலாமே? 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணம் 4 சதவீதத்திலிருந்து 2 ஆனது. குறைப்புன்னு எல்லோரும் கைதட்டினாங்க. அதே நேரம், 2017-ல் 33 சதவீதம் குறைத்த வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரச் செலவைக் கணக்கிட அரசு வைக்கும் நில மதிப்பை, பழைய இடத்துக்கே ஏற்றிவிட்டாங்க. முத்திரைத் தீர்வை 7 சதவீதத்தையும் சேர்த்தால், முன்பு 67 ரூபாய்க்கு 11 சதவீதம், பிறகு அதே மனைக்கு 100 ரூபாய்க்கு 9 சதவீதம். அதாவது 7 ரூபாய் 37 காசு 9 ரூபாய் ஆச்சு. பெண்கள் பெயரில் 10 லட்சம் வரை வாங்கினால் 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. அழகாபுரத்தில் அந்தத் தொகைக்கு கார் நிறுத்த இடம் கிடைச்சா சொல்லுங்க, நானே வாங்கிக்கிறேன்.

ஏற்காடு வேற கதை. காபித் தோட்டத்தைத் துண்டு போட்டு ‘வியூ பாயிண்ட் மனை’ன்னு விற்பதில் எங்க ஆளுங்களும் இருக்காங்க, அதுக்குத் தாராளமா திட்டுங்க. ஏற்காடு மலையிடப் பாதுகாப்புப் பகுதியில் வருது, அங்கே அரசு அனுமதி இல்லாமல் கட்ட முடியாது. பட்டா, வில்லங்கம் பார்த்தாலே போதும்னு அட்வான்ஸ் கொடுத்திடாதீங்க.